டேங்க் வழிந்தால் வருகிறவன்

போன வாரம், போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறை வாசலில் நின்ற மருமகளை அப்படியே விட்டுவிட்டு வந்தோம். வியாழக்கிழமை கோர்ட்டில் விவாகரத்துக்குத் தேதி. இரண்டு பேரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்று மகன் போனில் சொல்லியிருந்தான். இதற்கெல்லாம் சுமுகம் என்று பேர் வைக்கிறவர்களை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்காருகிறீர்கள் என்றால், விஷயம் இதுதான். மகன் லிஃப்ட் மெக்கானிக். போன வருஷம் வீட்டை விட்டுப் போய், நகரத்தின் மறுகோடியில் இன்னொருத்தியோடு குடித்தனம் நடத்துகிறான். அவனைப் பெற்ற பெரியவர் மட்டும் பிள்ளையோடு போகவில்லை. "நான் என் மருமகளோடதான் இருப்பேன்" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மருமகள், பேத்தி சிட்டு, பெரியவர் மூன்று பேரும் அதே பழைய வீட்டில். மருமகளுக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவர்களுக்குக் கண்ணாடியை மாட்டிவிட்டு "இப்போ தெளிவா தெரியுதா?" என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

திங்கட்கிழமை காலை. சிட்டுவுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது வீட்டின் பின்பக்கம் சடசடவென்று சத்தம். மொட்டை மாடி டேங்கிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டி, சிமென்ட் தரையில் அடித்து, கொடியில் காய்ந்த துணிகள்மேல் எல்லாம் தெறித்துக்கொண்டிருந்தது.

"மறுபடியுமா?" என்றாள் மருமகள்.

"அவனைக் கூப்பிடும்மா" என்றார் பெரியவர். ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், கேள்வி முடிவதற்குள் பதிலைச் சொல்லிவிட்டார்.

அந்த வீட்டில் தெருக்குழாய்த் தண்ணீர் காலையும் மாலையும் தன் வேகத்திலேயே மேலே ஏறிவிடும். டேங்குக்குள் ஒரு வால்வு, வால்விலிருந்து ஒரு கம்பி, கம்பி நுனியில் ஒரு பந்து. தண்ணீர் ஏற ஏறப் பந்து மிதந்து கம்பியைத் தூக்கும், கம்பி வால்வின் வாயை அடைக்கும், தண்ணீர் நிற்கும். பந்து ஏறாவிட்டால் நிற்காது. இவ்வளவுதான் சமாசாரம். இதற்குள்தான் மகன் சில மாதங்களாகத் தலையை விட்டுக்கொண்டிருக்கிறான்.

முதல் தடவை வழிந்தபோது வாஷர் தேய்ந்திருந்தது, மாற்றினான். அடுத்த தடவை வந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருந்தது. பந்துக்குள் தண்ணீர் புகுந்து கனத்திருக்கும் என்று தானாகவே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு புதுப் பந்து போட்டான். அதற்கடுத்த தடவையும் எல்லாம் ஒழுங்காக இருந்தது. அவனுக்கே ரோஷம் வந்து முழு வால்வையும் கழற்றிப் புதிதாகப் பொருத்தினான். "தினம் எத்தனை பேரை ஏத்தி இறக்குறேன், இந்த டேங்க் என்கிட்ட விளையாட்டு காட்டுது" என்று சலித்துக்கொண்டு போனான்.

"ஒரு பிளம்பரைக் கூப்பிடலாமே மாமா?"

"இந்த வீட்டு பைப் லைன் முழுக்க அவன் கையால போட்டது. வேற ஆள் கை வச்சா கெடுத்துடுவான்."

மருமகள் அதற்குமேல் வாதாடவில்லை. வாதாடியிருக்கலாம். பேருந்து நிறுத்தத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பிளம்பர் கடை இருக்கிறது. அதை அவளும் சொல்லவில்லை, பெரியவரும் சொல்லவில்லை.

அவள் போன் செய்தாள்.

"மறுபடியா? புது வால்வாச்சே" என்றான் மகன்.

"வழியுது."

"சரி, பத்தரைக்கு மேல வரேன். நீ வீட்ல இருப்பியா? கொஞ்சம் பேசணும்."

பேசணும் என்றான். அந்த ஒற்றை வார்த்தையை வைத்துக்கொண்டு அவள் என்னவெல்லாம் கட்டினாள் என்று எழுதினால் இந்த வாரப் பக்கம் போதாது. வியாழக்கிழமைக்கு முன்னால் பேச வேண்டும் என்கிறான். கையெழுத்துப் போடுகிறவன் கடைசி நேரத்தில் எதற்குப் பேச வேண்டும்? சிட்டுவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, கடைக்கு லீவு சொல்லிவிட்டு, கண்ணாடி முன்னால் நின்று தலையை ஒருமுறை கலைத்து மறுபடி வாரிக்கொண்டாள். அடி பைத்தியக்காரி என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அவளைத் திட்ட மனசு வரவில்லை.

அவள் லீவு போட்டது தெரிந்ததும் பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நீ கடைக்குப் போம்மா. அவன் வந்தா நான் பேசி அனுப்புறேன்."

"அவர்தான் என்னை இருக்கச் சொன்னார், மாமா."

"லீவு போட்டா உன் முதலாளி முகத்தைத் தூக்கி வச்சுக்குவாரே."

"வச்சுக்கட்டும்."

"அப்போ கடைத்தெருவுக்காவது போய் எனக்கு ஒரு தைலம் வாங்கிட்டு வந்துடு."

"தைலம் பாட்டில் நிறைய இருக்கு. முந்தாநாள்தான் வாங்கினேன். உங்களுக்கு என்ன ஆச்சு இன்னைக்கு?"

பெரியவர் எழுந்தார், சுவரைப் பிடித்தார், உட்கார்ந்தார். அவருக்குத் தலைசுற்றல் உண்டு. போன வருஷக் கடைசியில் மாடிப்படியில் சுருண்டு விழுந்து மண்டையில் தையல் போட்டுக்கொண்டவர். படிப்பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மகன் டாக்டரைவிடக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தான். "இவர் மறுபடி மாடி ஏறினார்னு தெரிஞ்சா அன்னைக்கே என் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுவேன். நீங்க ரெண்டு பேரும் என்ன சொன்னாலும் கேக்க மாட்டேன்." வெறும் மிரட்டல் இல்லை. அப்பா விஷயத்தில் அவன் சொன்னால் செய்கிறவன்.

மருமகள் வாசலில் மீட்டர் பக்கத்தில் தெருத் தண்ணீரை நிறுத்துகிற கேட் வால்வை மூடினாள். பின்பக்கம் சத்தம் மெல்ல மெல்ல அடங்கியது. வருகிறவனுக்கு வசதியாக மேலே போய் டேங்க் மூடியைத் திறந்து வைக்கலாம் என்று படியில் கால் வைத்தாள்.

"வேண்டாம்மா. ஏணி துருப்பிடிச்சுக் கிடக்கு."

"கெட்டியாத்தான் இருக்கு மாமா."

"சொன்னா கேளு. அவன் பாத்துப்பான்."

அவர் குரலில் இருந்த பதற்றத்தை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மொட்டை மாடியில் வெயில் ஏறியிருந்தது. டேங்க் நிற்கிற மேடைக்கு ஆளுயர இரும்பு ஏணி. ஏறி, மூடியைத் திருகித் திறந்து, உள்ளே குனிந்தாள். விளிம்புவரை தண்ணீர். மேலே மிதந்துகொண்டிருக்க வேண்டிய பந்து முழங்கை ஆழத்தில் கிடந்தது. கையை விட்டுக் கம்பியைத் தூக்கிப் பார்த்தாள். கனத்தது. இன்னும் குனிந்து கம்பியோடு விரலை ஓட்டினாள். ஒரு கயிறு தட்டுப்பட்டது. கயிற்றைப் பிடித்து இழுத்தால், தண்ணீருக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பை சுற்றிய ஒரு செங்கல் வந்தது.

ஒரு கணம் அவளுக்குச் சிரிப்பு வந்தது. யாரோ சின்னப் பிள்ளைகள் செய்கிற வேலை போல இருந்தது.

பிறகு முடிச்சைப் பார்த்தாள்.

பெரியவர் ஆயுசு முழுக்க லாரி பார்சல் ஆபீசில் மூட்டை கட்டியவர். இரண்டு கண்ணி வைத்து, நடுவில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை உள்பக்கம் செருகி ஒரு முடிச்சுப் போடுவார். பழைய பேப்பர் கட்டானாலும் சரி, சிட்டுவின் சாப்பாட்டுப் பையானாலும் சரி, அதே முடிச்சுதான். நனைந்தால் இன்னும் இறுகும். "லாரி கவிழ்ந்தாலும் இது அவிழாதும்மா" என்று பெருமைப்பட்டுக்கொள்வார்.

அவள் ஏணியைத் திரும்பிப் பார்த்தாள். தலைசுற்றுகிற மனுஷன், கையில் செங்கல்லோடு, இந்த ஏணியில். விழுந்திருந்தால் அவள் கடையிலிருந்து வரும்வரை யாருக்கும் தெரிந்திருக்காது. அடுத்த நினைப்பு இன்னும் மோசமாக இருந்தது. பத்தரை ஆகப் போகிறது. இதைப் புருஷன் பார்த்தால் மாமா இந்த வீட்டில் இருக்க மாட்டார்.

நகத்தால் நிமிண்டினாள். பல்லால் கடிக்கலாம் என்றால் முகம் எட்டவில்லை. கீழே ஓடிப் போய்க் கத்தி எடுத்து வரலாம் என்று நினைக்கும்போதே வாசலில் பைக் வந்து நின்றது.

"வாப்பா. வெயில்ல வந்திருக்கே, முதல்ல உட்காரு. தண்ணி குடி." பெரியவரின் குரல் வழக்கத்தைவிடச் சத்தமாகக் கேட்டது.

"அவ எங்கே?"

"இருக்கா, இருக்கா. நீ உட்காரேன். ஆபீஸ் எல்லாம் எப்படிப் போகுது?"

"மேல இருக்காளா?"

படியில் செருப்புச் சத்தம். மருமகள் முடிச்சோடு மல்லாடினாள். விரல் நுனியில் ரத்தம் வந்ததே தவிர முடிச்சு அசையவில்லை. ஏணியின் உச்சியில் மகனின் முகம் வந்தபோது, தோள்வரை நனைந்த கையோடு, கயிற்றையும் செங்கல்லையும் பிடித்தபடி அவள் நின்றாள். கையும் களவுமாகப் பிடிபடுவது என்பார்களே, அப்படி.

அவன் செங்கல்லைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். அவளைப் பார்த்தான்.

"என்ன இது?"

அவள் செங்கல்லை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தாள், கயிறு விடவில்லை.

"அவுத்துக்கிட்டு இருக்கியா? நான் வர்றதுக்குள்ள அவுத்துடலாம்னா?" அவனுக்கு மெதுவாக விளங்க ஆரம்பித்தது. "அதான் ஒவ்வொரு தடவையும் வந்து பாத்தா ஒண்ணுமே இல்லாம இருந்துச்சா. நான் ஒரு மடையன் பந்தை மாத்துறேன், வால்வை மாத்துறேன்."

அவள் சொல்லியிருக்கலாம். நான் இல்லை, உங்க அப்பா என்று நாலு வார்த்தை. சொன்னால் அவள் மானம் மிஞ்சும், மாமா மிஞ்ச மாட்டார்.

"ஆமா" என்றாள். "நான்தான்."

அவன் பையிலிருந்து கட்டிங் பிளேயரை எடுத்துக் கயிற்றை நறுக்கினான். முடிச்சு அவன் கண்ணுக்கு நேராக இருந்தது. சின்ன வயசில் தினமும் பள்ளிக்கூடப் பையில் அவன் சுமந்துபோன முடிச்சு. பார்த்தும் அவனுக்குத் தெரியவில்லை. தன்னை வரவழைக்கத்தான் அவள் இதெல்லாம் செய்கிறாள் என்று ஏற்கெனவே முடிவு கட்டிவிட்டவனுக்கு வேறெதுவும் தெரியாது. பந்து விடுபட்டு மேலே வந்து மிதந்தது. அவன் அதை விரலால் அழுத்திப் பார்த்தான், விட்டான், அழுத்திப் பார்த்தான். நன்றாக வேலை செய்தது.

இறங்கி வந்து கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றான். கோபப்படுவான் என்று அவள் நினைத்தாள். அவன் அவளைப் பார்த்துப் பரிதாபப்பட்டான்.

"இங்க பாரு. நான் வர்றது டேங்குக்காக. அப்பாவுக்காக. உனக்காக இல்லை. நீ தப்பா எடுத்துக்கிட்டே."

அவள் தலையை ஆட்டினாள்.

"இப்படியெல்லாம் பண்ணினா நான் திரும்பி வந்துடுவேன்னு நினைச்சியா? நீ இப்படிப்பட்ட ஆள் இல்லையே. எனக்கே சங்கடமா இருக்கு."

"சரி."

"அங்க என்கூட இருக்கிறவளுக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பா?"

அதற்கும் சரி என்றாள். காலையில் வாரிக்கொண்ட தலை நினைவுக்கு வந்து கூசியது.

"நான் பேசணும்னு சொன்னது அப்பா விஷயம்" என்றான் மகன். "வியாழக்கிழமைக்கு அப்புறம் அவர் இங்க இருக்கிறது நல்லா இருக்காது. கையெழுத்துப் போட்டதும் அவர் உனக்கு யாரு? என்ன முறை சொல்லி வச்சுப்பே?"

காலையிலிருந்து அவள் மனசுக்குள் கட்டிய கோட்டை இடிந்துவிட்டது. அவன் பேச வந்தது இதைத்தான். உடைந்து அழ அவளுக்கு அப்போது நேரமில்லை. மிச்சம் இருக்கிற ஒன்றையாவது காப்பாற்ற வேண்டியிருந்தது.

"இத்தனை வருஷம் என்ன முறையோ அதே முறைதான். அவரை என்கிட்ட விட்டுடுங்க. நான் உங்களைக் கூப்பிட மாட்டேன். டேங்க், லைட், எதுக்கும் கூப்பிட மாட்டேன். வியாழக்கிழமை நீங்க சொல்ற இடத்துல கையெழுத்துப் போடுறேன். மாமா மட்டும் இங்கேயே இருக்கட்டும்."

அவன் பிளேயரைப் பைக்குள் போட்டான். "மாடிப்படி ஏறாமப் பாத்துப்பியா?"

"பாத்துப்பேன்."

"சரி. அவர் இஷ்டம். இருக்கணும்னா இருக்கட்டும்."

கேட்க நன்றாக இல்லாத ஒரு வியாபாரம் அது. தன்னைத் தானே குப்பையில் போட்டு அவரை வாங்கியிருந்தாள். வாங்கினாளே, அது போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஆனால் மொட்டை மாடிக் கதவு திறந்திருந்தது. படிக்கட்டின் கீழே கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரியவர் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"செங்கல்லைக் கட்டினது நான்" என்றார், அவர்கள் கடைசிப் படி இறங்குவதற்குள்.

"மாமா, நீங்க சும்மா இருங்க." மருமகள் முந்திக்கொண்டாள். "எனக்காகச் சொல்றார். நீங்க காதுல வாங்காதீங்க."

"அப்பா, இதுல நீங்க வராதீங்க."

"அவ என்ன தப்பு பண்ணினா, இப்படிப் பேசுறே? இப்படிப்பட்ட ஆள், அப்படிப்பட்ட ஆள்னு? அந்தக் கயித்தை எடுத்துப் பாருடா. யாரு முடிச்சுன்னு பாரு."

மகனின் கையில் நறுக்கிய கயிறு இருந்தது. பார்த்தான். இந்தத் தடவை பார்த்தான். முகத்தில் இருந்த பரிதாபம் போய், சின்னப் பையனுக்கு வருகிற பயம் வந்தது. அவனைப் பற்றியும் ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். புருஷனாக அவன் எப்படியோ, பிள்ளையாக அவன் நல்லவன்தான்.

"அந்த ஏணியில ஏறினீங்களா? நீங்களா?"

"ஏறினேன்."

"எத்தனை தடவை?"

"ஒவ்வொரு வாட்டியும் கட்ட ஒரு தடவை, நீ வர்றதுக்குள்ள அவுக்க ஒரு தடவை. இன்னைக்கு அவுக்க முடியலை. அவ வீட்ல இருந்துட்டா."

மகன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டான். "விழுந்திருந்தா?" என்றான். "உனக்கு இது தெரிஞ்சும் நீ பழியை ஏத்துக்கிட்டே. பாத்துப்பேன்னு வேற சொன்னே" என்றான் மருமகளிடம்.

"மூணு மணிக்குக் கார் எடுத்துட்டு வரேன். துணிமணி எடுத்து வைங்கப்பா."

பெரியவர் முடியாது என்பார் என்று அவள் காத்திருந்தாள். போன வருஷம் போட்ட அதே போடாக ஒன்று போடுவார் என்று நினைத்தாள்.

"சரிப்பா" என்றார் பெரியவர்.

மத்தியானம் அந்த வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மருமகள் பெரியவரின் சட்டைகளை மடித்துப் பையில் வைத்தாள். மடித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடித்து அடித்து உள்ளே திணித்தாள்.

"ஏன் சொன்னீங்க? பழியை நான்தான் வாங்கிக்கிட்டேன்ல? முடிஞ்சுபோன விஷயம். அவரும் சரின்னுட்டார். நடுவுல வந்து கெடுத்தீங்க."

"நீ வாங்கிக்கிட்டதைத்தான்மா என்னால கேக்க முடியலை."

"எனக்கு ஒண்ணும் இல்லை. அவர் என்ன நினைச்சா எனக்கென்ன?"

பெரியவர் கட்டிலில் உட்கார்ந்து தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "முதல் தடவை நிஜமாவே வாஷர் போயிருந்துச்சும்மா. அதுல என் கை இல்லை. வந்தான், மாத்தினான். நீ டீ போட்டுக் குடுத்தே. கிளம்பப் போறவன் உட்கார்ந்தான். ஏதோ லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட ஆளைப் பத்திச் சொன்னான். நீ சிரிச்சே. அவனும் சிரிச்சான். பழைய மாதிரியே இருந்துச்சு. அதை இன்னொரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு எனக்கு. வேற ஒண்ணும் இல்லை."

அவள் மடிப்பதை நிறுத்தினாள். முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"எனக்குத் தெரியும் மாமா."

"என்ன தெரியும்?"

"போன தடவை நான் கடையிலேர்ந்து சீக்கிரம் வந்தேன். உங்க செருப்பு ரெண்டும் ஈரமா இருந்துச்சு. உள்ளங்கையில துரு. செங்கல்னு தெரியாது. ஆனா நீங்க என்னவோ பண்றீங்கன்னு தெரிஞ்சுது."

"தெரிஞ்சும் ஏன்மா கேக்கலை?"

"கேட்டா நிறுத்திடுவீங்களே."

சொல்லிவிட்டு அவள் தரையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும் அப்போது வந்தது. விழுந்தால் என்ன ஆகும் என்று தெரிந்திருந்தும், கேட்காமல், டேங்க் எப்போது வழியும் என்று தானும் காத்திருந்ததைச் சொல்லிச் சொல்லி அழுதாள். "உங்களை ஏணியில ஏத்தி விட்டது நான்தான் மாமா. நான்தான்னு அவர்கிட்ட சொன்னது பொய் இல்லை."

பெரியவருக்கு எழுந்து வந்து அவள் தலையைத் தொட வேண்டும் போல இருந்தது. தலை சுற்றியதால் உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார்.

"அதனாலதாம்மா போறேன். நான் இங்க இருந்தா மறுபடியும் ஏதாவது கட்டுவேன். நீ பாக்காத மாதிரி இருப்பே. அவன் வந்து டீ குடிச்சிட்டுப் போவான். உனக்கு வயசு போயிடும்."

"அங்க போய் எப்படி இருப்பீங்க? அவளை உங்களுக்குப் பிடிக்காதே."

"இருந்துட்டுப் போறேன். அவ போடுற டீ நல்லா இல்லைன்னா தினமும் அதைச் சொல்லியே பொழுதை ஓட்டிடுவேன்."

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போயும் விட்டது.

கார் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டது. சிட்டு பள்ளியிலிருந்து வருவதற்குள் கிளம்பிவிட வேண்டும் என்று பெரியவரே அவசரப்படுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தால் தன்னால் காரில் ஏற முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பையைப் பின்சீட்டில் வைத்த மகன், "டேங்க் இனிமே வழியாது, வால்வைத் திறந்து விட்டுடு" என்று மட்டும் மருமகளிடம் சொன்னான். அவன் அந்தப் பக்கம் சுற்றிப் போவதற்குள் பெரியவர் ஜன்னல் வழியாக அவள் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வியாழக்கிழமை நானும் கோர்ட்டுக்கு வருவேன். அவன்கூடத்தான் வருவேன். ஆனா யாருக்காகப் பேசப் போறேன்னு அவன்கிட்ட இன்னும் சொல்லலை. நீ அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுடாதே."

"என்ன பேசப் போறீங்க?"

கார் நகர்ந்துவிட்டது.

சிட்டு வந்ததும் ஹாலில் காலி நாற்காலியைப் பார்த்தாள். தாத்தா குளிக்கிறாரா என்று கேட்டாள். அப்பா வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று மருமகள் சொன்னாள்.

"அப்பா வந்தாரா?"

"வந்தார்."

"நான் இல்லாதப்பவா?"

அழுவாள் என்று நினைத்தாள். அழவில்லை. பையைக் கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டாள்.

மாலைத் தண்ணீர் வருகிற நேரம். மருமகள் வாசலுக்குப் போய்க் கேட் வால்வைத் திறந்துவிட்டாள். குழாய்க்குள் உஸ்ஸென்று காற்று போய், தண்ணீர் ஏறுகிற சத்தம் ஆரம்பித்தது. சிட்டுவைத் தேடிக்கொண்டு பின்பக்கம் போனாள். பள்ளி உடுப்பைக்கூட மாற்றாமல், சிமென்ட் தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அண்ணாந்து அந்தக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள் குழந்தை.

"இங்க என்னடா பண்றே?"

"தண்ணி விழட்டும்னு பாக்குறேன். விழுந்தா நீ அப்பாவுக்கு போன் பண்ணுவேல்ல? அப்பா உடனே வந்துடுவார். இந்தத் தடவை தாத்தாவையும் கூட்டிட்டு வருவார்."

இவளும் இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். வீட்டில் மூன்று பேரும் அந்த ஒரே சத்தத்துக்குக் காதைத் தீட்டி வைத்திருந்திருக்கிறார்கள், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல். இனிமேல் விழாது கண்ணு என்று சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. குழந்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

மேலே தண்ணீர் ஏறுகிற சத்தம் மெலிந்தது. இழையாகியது. பிறகு சுத்தமாக நின்றுபோனது.

"டேங்க் இன்னும் நிரம்பலை போலம்மா" என்றாள் சிட்டு, குழாயிலிருந்து கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் இரு."